ஏலச்சீட்டுக் கணக்கும் ஐந்து வாக்கியங்களும்: தரவுத்தளம் வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்கு

ஏலச்சீட்டு நடத்துபவர்கள் கணக்கைக் கணினியில் ஏற்றும்போது பெரும்பாலும் ஒரே எக்ஸெல் தாளில்தான் தொடங்குகிறார்கள். முதலில் பெயர், அடுத்துக் கைபேசி எண், எந்தச் சீட்டு என்ற குறிப்பு, பிறகு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாதத்துக்கு ஒரு நெடுவரிசை. பணம் வந்ததும் அந்த மாதத்துக் கட்டத்தில் தொகையை எழுதிவிடுவார்கள். இருபது பேர், இருபது மாதம், ஒரே சீட்டு என்றால் இந்தத் தாள் தாராளமாகப் போதும். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது சீட்டைத் தொடங்கும்போது சிக்கலும் தொடங்குகிறது. செல்வி என்பவர் இரண்டு சீட்டிலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சீட்டில் அவருக்கு இரண்டு பங்கு. ஆக, அவருடைய பெயரும் எண்ணும் தாளில் மூன்று இடங்களில் வருகின்றன. அவர் கைபேசி எண்ணை மாற்றினால் மூன்று கட்டங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் எது சரியான எண் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சேர விருப்பம் சொல்லியும் இன்னும் எந்தச் சீட்டிலும் இடம் கிடைக்காத ஒருவரை எழுதிவைக்கத் தாளில் இடமே இல்லை. முடிந்துபோன சீட்டின் வரிகளை அழித்தால், அந்தச் சீட்டில் மட்டும் இருந்த முருகனின் கைபேசி எண்ணும் கூடவே அழிந்துபோகிறது.

திருத்துவதில் ஒரு சிக்கல், சேர்ப்பதில் ஒன்று, அழிப்பதில் ஒன்று. மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஆளைப் பற்றிய செய்தி, சீட்டைப் பற்றிய செய்தி, பணம் வந்த செய்தி ஆகிய எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு செய்தியையும் ஒரே ஓர் இடத்தில் எழுதி, கேட்கும்போது மட்டும் சேர்த்துக் காட்டுவதே உறவுநிலைத் தரவுத்தளத்தின் வேலை. எந்தச் செய்தியை எதிலிருந்து பிரிப்பது என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பு. மென்பொருளைக் கற்பது ஒரு வாரத்து வேலை. இந்தப் பிரிப்பைக் கற்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறது.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அமெரிக்காவில் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவருடைய கட்டுரை 1970 ஜூன் மாதம் வெளியானது. அதற்கு முன்பும் தரவுத்தளங்கள் இருந்தன. அப்பல்லோ நிலவுத் திட்டத்தின் பாகப் பட்டியலைக் கையாள்வதற்காக உருவான ஐஎம்எஸ் அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் அவற்றில் தரவு, கிளை கிளையாகவோ சங்கிலித் தொடராகவோ கோக்கப்பட்டிருக்கும். ஒரு தகவல் வேண்டுமென்றால் எந்தக் கிளையில் இறங்கி எந்தக் கண்ணியைப் பிடித்துப் போக வேண்டும் என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரவை அடுக்கிய விதம் மாறினால் நிரலும் உடையும். தரவு கணினிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்து பயனாளர்களைக் காக்க வேண்டும் என்பதுதான் காட் தம் கட்டுரையில் வைத்த முதல் கோரிக்கை. அதற்கு அவர் சொன்ன வழி எளிமையானது: எல்லாவற்றையும் அட்டவணைகளாக வையுங்கள், அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பையும் மதிப்புகளாகவே எழுதுங்கள். 1981இல் அவருக்குக் கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது வழங்கப்பட்டது.

அட்டவணைக்கு முன் வாக்கியம்

காட் கணிதத்தின் வழியே சிந்தித்தார். அவருடைய பார்வையில் ஓர் அட்டவணை என்பது ஒரே வடிவத்தில் அமைந்த பல கூற்றுகளின் தொகுதி. ஒவ்வொரு வரியும் ‘இது உண்மை’ என்று சொல்லும் ஒரு கூற்று. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. பாடநூல்கள் பலவும் திறவுகோல், சார்பு, இயல்பாக்கம் என்று கலைச்சொற்களில் தொடங்கிவிடுவதால் இது பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது.

ஆகவே கட்டம் வரைவதை ஒத்திவையுங்கள். கணினியிடம் எதையெல்லாம் சொல்லிவைக்க விரும்புகிறீர்களோ அதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். மாறக்கூடிய இடங்களில் மட்டும் கோடிட்டு விடுங்கள்.

அதற்குச் சீட்டின் கணக்கு முதலில் தெளிவாக வேண்டும். இருபது பங்கு, பங்குக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் மாதந்தோறும் 1,00,000 ரூபாய் சேரும். அதை யார் எடுப்பது என்று ஏலம் முடிவுசெய்யும். அதிகமாகத் தள்ளிக் கேட்பவருக்கு அந்த மாதச் சீட்டு. ஒருவர் 20,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 80,000 போகும். தள்ளிய 20,000இல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000 ரூபாய் இருபது பங்குகளுக்கும் பிரியும். பங்குக்கு 750. அந்த மாதம் ஒவ்வொரு பங்குக்கும் 4,250 ரூபாய் கட்டினால் போதும். ஒரு பங்கு ஒரு முறைதான் சீட்டை எடுக்கலாம். சீட்டு என்ற சொல் மொத்தக் குழுவுக்கும் ஒருவர் போட்டிருக்கும் பங்குக்கும் சேர்ந்தே புழங்குவதால், இங்கே குழு, பங்கு என்று பிரித்துச் சொல்கிறேன்.

இப்போது வாக்கியங்கள்:

உறுப்பினர் எண் ___ உடையவரின் பெயர் ___, கைபேசி எண் ___.

குழு ___ இல் ___ பங்குகள். மாதத் தவணை ___ ரூபாய். கமிஷன் ___ விழுக்காடு. தொடங்கிய தேதி ___.

குழு ___ இல் பங்கு ___ , உறுப்பினர் ___ உடையது.

குழு ___ இன் ___ஆம் மாத ஏலத்தைப் பங்கு ___ , ___ ரூபாய் தள்ளி எடுத்தது.

ரசீது எண் ___: குழு ___ , பங்கு ___ கணக்கில் ___ தேதியன்று ___ ரூபாய் வந்தது.

ஐந்து வாக்கியங்கள், ஐந்து அட்டவணைகள். கோடிட்ட இடம் ஒவ்வொன்றும் ஒரு நெடுவரிசை. நிரப்பி முடித்த வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு வரி. பங்கு அட்டவணை இப்படி இருக்கும்:

| குழு எண் | பங்கு எண் | உறுப்பினர் எண் |
|---|---|---|
| 1 | 7 | 12 |
| 1 | 8 | 12 |
| 1 | 9 | 15 |
| 2 | 7 | 12 |

12 என்பது செல்வியின் எண். முதல் குழுவில் இரண்டு பங்கும் இரண்டாவது குழுவில் ஒன்றும் அவருடையவை. அவருடைய கைபேசி எண் உறுப்பினர் அட்டவணையில் ஒரே வரியில் மட்டும் இருக்கிறது. எண் மாறினால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும்.

வாக்கியம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உடைத்த பிறகு எந்தத் தகவலும் தொலையவில்லை என்றால் அது முதலிலேயே இரண்டு வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். ‘குழு 1இல் பங்கு 7 செல்வியுடையது, செல்வியின் கைபேசி எண் இது’ என்ற வாக்கியத்தை உடைத்தால் இரண்டு பாதிகளும் முழுமையாக நிற்கின்றன. ஆகவே இரண்டு அட்டவணை. மாறாக, ‘குழு 1இல் பங்கு 7 செல்வியுடையது’ என்பதை ‘குழு 1இல் பங்கு 7 உண்டு’ என்றும் ‘செல்வி குழு 1இல் இருக்கிறார்’ என்றும் உடைத்தால், ஏழாம் பங்கு யாருடையது என்ற செய்தி தொலைந்துவிடுகிறது. இதை உடைக்கக் கூடாது.

நூல்களில் வரும் முதல், இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்கள் எல்லாம் இந்தச் சோதனையைத் துல்லியமாகச் சொல்வதற்காக எழுந்தவைதான். 1970களின் தொடக்கத்தில் காட் அவற்றை வரையறுத்தார். பிறகு ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து இன்னும் சற்று இறுக்கமான ஒரு வடிவத்தையும் கொடுத்தார். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டும் இருக்க வேண்டும் என்பது முதல் வடிவம். கைபேசி எண் கட்டத்தில் காற்புள்ளியிட்டு இரண்டு எண்களை எழுதினால் அது மீறப்படுகிறது. ஒரு வரியை அடையாளம் காட்டும் நெடுவரிசைக்கு, அல்லது நெடுவரிசைகளின் சேர்க்கைக்கு, திறவுகோல் என்று பெயர். திறவுகோலின் ஒரு பாதியை மட்டும் சார்ந்த செய்தியை வெளியேற்றச் சொல்வது இரண்டாம் வடிவம். திறவுகோல் அல்லாத இன்னொரு நெடுவரிசையைச் சார்ந்த செய்தியை வெளியேற்றச் சொல்வது மூன்றாம் வடிவம். பங்கு அட்டவணைக்குள் கைபேசி எண்ணை வைத்தால் அது பங்கைச் சார்ந்திருக்காது, உறுப்பினர் எண்ணைச் சார்ந்திருக்கும். அதனால் மூன்றாம் வடிவம் அதை வெளியே அனுப்புகிறது. வாக்கியங்களை ஒழுங்காக எழுதியவருடைய அட்டவணைகள் பெரும்பாலும் மூன்றாம் வடிவத்திலேயே வந்து நிற்கும்.

திறவுகோல்கள்: தரவுத்தளமே காவல் காக்கும் இடம்

ஒவ்வொரு வரியையும் ஐயமின்றிச் சுட்டிக்காட்ட உதவும் நெடுவரிசைக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். உறுப்பினருக்கு எதைத் திறவுகோலாக வைப்பது? பெயரை வைக்க முடியாது, ஒரே பெயரில் மூன்று செல்விகள் இருப்பார்கள். கைபேசி எண் மாறக்கூடியது, சில வீடுகளில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். ஆதார் எண் தேவையில்லாத இடத்தில் அதைக் கேட்டு வாங்கிச் சேமிப்பது முறையல்ல. ஆகவே பொருள் எதுவும் இல்லாத ஒரு வரிசை எண்ணை நாமே கொடுத்துவிடுவது நல்லது. அதற்கு வேறு வேலை இல்லாததால் அது மாறவேண்டிய தேவையும் வராது.

இன்னோர் அட்டவணையின் திறவுகோலைச் சுட்டும் நெடுவரிசை அயல் திறவுகோல். பங்கு அட்டவணையில் உள்ள உறுப்பினர் எண் அப்படிப்பட்டது. அதை அயல் திறவுகோல் என்று அறிவித்துவிட்டால், உறுப்பினர் அட்டவணையில் இல்லாத 99 என்ற எண்ணைப் பங்கு அட்டவணையில் எழுத முயலும்போது தரவுத்தளமே மறுத்துவிடும். பங்கு வைத்திருக்கும் உறுப்பினரை அழிக்க முயன்றாலும் மறுக்கும். எக்ஸெல் தாளில் இந்தக் காவல் கிடையாது. எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளில் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் இந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். தரவுத்தளத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதை இயக்கிவிட வேண்டும்.

பங்கு அட்டவணையின் திறவுகோலில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பழக்கத்தின் பேரில் பலர் இங்கேயும் ஒரு வரிசை எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்: பங்கு அடையாள எண் 143, 144 என்று. நான் அப்படிச் செய்ய மாட்டேன். குழு எண்ணும் பங்கு எண்ணும் சேர்ந்த கூட்டுத் திறவுகோலையே வைப்பேன்.

காரணம் ஏல அட்டவணையில் தெரியும். அதில் குழு எண், மாத எண், பங்கு எண், தள்ளிய தொகை என்று நான்கு நெடுவரிசைகள். குழுவும் மாதமும் சேர்ந்தது அதன் முதன்மைத் திறவுகோல். எனவே ஒரு குழுவில் ஒரே மாதத்துக்கு இரண்டு ஏலங்களைப் பதிய முடியாது. குழுவும் பங்கும் சேர்ந்து பங்கு அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோல். குழு எண் என்ற ஒரே நெடுவரிசை இரண்டு வேலையும் செய்வதால், இரண்டாவது குழுவில் மட்டும் உள்ள பங்கு ஒன்று முதல் குழுவின் ஏலத்தை எடுத்ததாகப் பதியவே வழியில்லை. கடைசியாக, ஏல அட்டவணைக்குள் குழுவும் பங்கும் சேர்ந்த இணை ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று தனித்தன்மைக் கட்டுப்பாடு ஒன்றை அறிவித்தால், எடுத்த பங்கே மறுபடி எடுப்பதும் தடுக்கப்படுகிறது. சீட்டு நடத்துவதில் உள்ள மூன்று அடிப்படை விதிகள், நிரலில் ஒரு வரிகூட எழுதாமல், அட்டவணையின் அமைப்பிலேயே பதிந்துவிட்டன. 143 என்ற தனி எண்ணை வைத்திருந்தால், அது வேறு குழுவின் பங்கு என்பதைத் தரவுத்தளம் தானாகக் கண்டுபிடிக்காது. தனி எண்ணா, கூட்டுத் திறவுகோலா என்ற வாதம் வடிவமைப்பாளர்களிடையே இன்றும் நடக்கிறது. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் மட்டுமே இருக்க முடியும் என்றால் கூட்டுத் திறவுகோல் பக்கம் சாய்வது நல்லது என்பது என் கருத்து.

எதை எழுதுவது, எதைக் கணக்கிடுவது

மாதத் தவணை 4,250 என்பதை எந்த அட்டவணையில் எழுதுவது? எதிலும் வேண்டாம். தவணை, பங்குகளின் எண்ணிக்கை, கமிஷன் விழுக்காடு ஆகியவை குழு அட்டவணையில் இருக்கின்றன. தள்ளிய தொகை ஏல அட்டவணையில் இருக்கிறது. நான்கையும் வைத்துக் கேட்கும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். எழுதிவைத்தால் அது அதே செய்தியின் இரண்டாம் படி. தள்ளிய தொகையைத் திருத்திவிட்டுத் தவணையைத் திருத்த மறந்தால் இரண்டும் முரண்படும்.

கமிஷன் விழுக்காடு மட்டும் குழு அட்டவணையில் ஏன்? எல்லாக் குழுவுக்கும் ஒன்றுதானே, நிரலிலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். இந்தியாவில் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் நடத்துபவரின் கமிஷனுக்கு 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருந்தது. 2019இல் வந்த திருத்தம் அதை 7ஆக உயர்த்தியது. நிரலில் 5 என்று எழுதியிருந்தவர் அதை 7 என்று மாற்றிய நொடியில், முடிந்துபோன பழைய குழுக்களின் கணக்கும் மாறியிருக்கும். கமிஷன் என்பது ஒவ்வொரு குழுவும் தொடங்கும்போது செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பகுதி. அது அந்தக் குழுவைப் பற்றிய செய்தி, ஆகவே அந்தக் குழுவின் வரியில்தான் இருக்க வேண்டும். இன்று எல்லா வரியிலும் ஒரே மதிப்பு இருப்பதாலேயே ஒரு நெடுவரிசை வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ரசீது அட்டவணையில் மாத எண் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை வைக்கலாமா என்பது, நீங்கள் பின்னால் கேட்கப்போகும் கேள்வியைப் பொறுத்தது. ‘பாக்கி எவ்வளவு’ என்பது மட்டுமே கேள்வி என்றால், இதுவரை கட்ட வேண்டியதன் கூட்டுத்தொகையிலிருந்து இதுவரை வந்ததன் கூட்டுத்தொகையைக் கழித்தால் விடை கிடைத்துவிடும். மாதம் தேவையில்லை. ஒருவர் இரண்டு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினாலும், பாதித் தொகையைக் கொடுத்துவிட்டுப் போனாலும் இந்த அமைப்பு அசையாது. ஆனால் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தாமதக் கட்டணம் வசூலிப்பவர் என்றால், எந்த ரசீதின் எவ்வளவு தொகை எந்த மாதத்துக்குப் போனது என்று சொல்லும் ஆறாவது வாக்கியம் வேண்டும். தெரியாத எதிர்காலத்துக்காக அதை இப்போதே சேர்க்காதீர்கள். கேள்வி வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

வெற்றிடம்

எக்ஸெல் தாளில் மே மாதக் கட்டம் காலியாக இருந்தால் என்ன பொருள்? பணம் வரவில்லையா, மே மாத ஏலமே இன்னும் நடக்கவில்லையா, அந்த உறுப்பினர் ஜூனில்தான் சேர்ந்தாரா? மூன்றும் வேறு வேறு செய்திகள், ஆனால் கட்டம் ஒன்றுதான். நம் அமைப்பில் பணம் வரவில்லை என்றால் ரசீது வரி இல்லை, ஏலம் நடக்கவில்லை என்றால் ஏல வரி இல்லை. சொல்ல வேண்டிய செய்தி இல்லாதபோது வாக்கியமும் இல்லை.

தரவுத்தளங்களில் வெற்று மதிப்புக்கு ‘நல்’ என்று பெயர். அது சுழியமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. முதல் மாதச் சீட்டை ஏலமின்றி நடத்துபவரே எடுத்துக்கொள்ளும் குழுக்களில் தள்ளிய தொகை சுழியம். அது ஒரு திட்டவட்டமான செய்தி. நல் என்பது மதிப்பு தெரியாத நிலை. தெரியாத ஒன்றை எதனுடன் ஒப்பிட்டாலும் விடையும் ‘தெரியாது’ என்றே வரும். நல்லை நல்லுடன் ஒப்பிட்டாலும் அப்படித்தான். இதனால் ஒரு வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிடக்கூடும். ‘எடுத்தவர்களின் பட்டியலில் இல்லாத பங்குகள் எவை’ என்று ‘நாட் இன்’ முறையில் கேட்கும்போது, அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் விடையில் ஒரு வரிகூட வராது. எனவே நெடுவரிசைகளை அறிவிக்கும்போது, காலியாக விட அனுமதியில்லை என்பதையே வழக்கமாக வைத்துக்கொண்டு, உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டும் தளர்த்துங்கள். எல்லா உறுப்பினரிடமும் கைபேசி இருக்கும் என்று உறுதியில்லை என்றால், அந்த நெடுவரிசைக்குத் தளர்வு நியாயமானது.

பணம், எண், தமிழ்ப் பெயர்

நெடுவரிசைகளின் வகையைத் தேர்வதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஆனால் இங்கே நேரும் பிழைகள் பிடிவாதமானவை. பணத்தை, பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப்புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். அந்த வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள்களில், தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பதின்ம வகையைப் பயன்படுத்துங்கள். எஸ்கியூலைட்டில் துல்லியமான பதின்ம வகை கிடையாது என்பதால் தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பது பாதுகாப்பு. கைபேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் எண்கள் போலத் தெரிந்தாலும் அவற்றை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. எழுத்து வகையில் வைத்தால் முன்னால் வரும் சுழியம் காணாமல் போகாது.

பெயர் விஷயத்தில் மேல்நாட்டுப் படிவங்களைப் பார்த்து முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு நெடுவரிசை வைப்பது நம்மூருக்குப் பொருந்தாது. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது பெயரும் தலைப்பெழுத்தும்தான். பெயருக்கு ஒரு நெடுவரிசை, வேண்டுமானால் தலைப்பெழுத்துக்கு ஒன்று, அவ்வளவு போதும்.

தமிழில் பெயர்களை வைப்பவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள், ஏனென்றால் மகரத்தின் இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். அந்தக் குறியீடுகளைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் குறியீடுகளை எண்ணி நீள வரம்பைப் பார்க்கின்றன. ஆரக்கிளின் எழுத்து வகை இயல்பாகப் பைட்டை எண்ணும். ஆகவே இருபது என்று குறுகலாக வரம்பு வைத்தால், நீளமான தமிழ்ப் பெயர் உள்ளே போகாது.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து அமர்ந்திருக்கிறது, நம் மரபிலோ அது மெய்களின் கடைசியில் வரும். கலா, கவிதா, கனகா என்பது சரியான வரிசை. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் கனகா முன்னால் வந்து நிற்பார். தரவுத்தளத்தில் தமிழுக்கான வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பிலிருந்து பல மொழிகளின் விதிகளைக் கொண்ட ஐசியு என்ற நிரல் நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்த முடிகிறது. உறுப்பினர் பட்டியலை அச்சிட்டு ஒட்டும் நாளில் இதன் அருமை தெரியும்.

கேட்பதும் மாற்றுவதும்

அட்டவணைகளைப் பிரித்தாயிற்று. இனிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான மொழி எஸ்கியூஎல். 1974இல் ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதை முதலில் சீக்வல் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார்கள். 1986இல் அது அமெரிக்கத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அதன் சிறப்பு, வேண்டியது எது என்று மட்டும் சொன்னால் போதும் என்பதுதான். எந்த வழியில் தேடுவது என்பதைத் தரவுத்தளமே முடிவுசெய்துகொள்ளும்.

‘முதல் குழுவில் இன்னும் சீட்டு எடுக்காத பங்குகள் யாருடையவை?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பங்கு அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும், உறுப்பினர் எண் ஒத்துப்போகும் வரியை உறுப்பினர் அட்டவணையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் சேர்க்கச் சொல்கிறோம். இதுதான் ‘ஜாயின்’. பெயர் வந்துவிட்டது. அடுத்து, அதே குழு எண்ணும் பங்கு எண்ணும் ஏல அட்டவணையில் எங்கும் இல்லாத வரிகளை மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம். இதற்கு ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற வடிவம் உண்டு. மேலே சொன்ன நல் சிக்கல் அதில் இல்லை என்பதால் அதையே பழகிக்கொள்வது நல்லது. ஆறேழு வரிகளில் எழுதிவிடக்கூடிய வினவல்தான். இந்த விடை எந்த அட்டவணையிலும் எழுதப்படவில்லை, இருந்தும் எப்போது கேட்டாலும் அன்றைய நிலைக்குச் சரியாகவே வரும்.

மாற்றங்களைப் பதியும்போது ஒரு பாதுகாப்பு தேவை. செல்வி தம் இரண்டு பங்குக்கும் சேர்த்து 8,500 ரூபாய் தருகிறார். ரசீது அட்டவணையில் 4,250 வீதம் இரண்டு வரிகள் சேர வேண்டும். முதல் வரி சேர்ந்ததும் மின்சாரம் போய்விட்டால்? இரண்டு வரிகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால், இரண்டும் சேரும் அல்லது இரண்டுமே சேராது. இந்தக் கருத்தை வளர்த்தெடுத்த ஜிம் கிரேவுக்கு 1998இல் டூரிங் விருது கிடைத்தது. தொடக்கநிலையில் இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை, ஆனால் பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பதிவையும் பரிவர்த்தனைக்கு வெளியே செய்யாதீர்கள். தேடலை விரைவுபடுத்தும் இண்டெக்ஸ் பற்றியும் இப்போது கவலை வேண்டாம். சில நூறு வரிகளுக்கு அதன் தேவை தெரியாது.

பழக எஸ்கியூலைட் போதும். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும், காசு கொடுக்க வேண்டியதில்லை, ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. ஐந்து அட்டவணைகளையும் உருவாக்கி, உண்மையான ஒரு குழுவின் மூன்று மாதக் கணக்கையாவது உள்ளே போட்டுப் பாருங்கள். கற்பனைத் தரவு எப்போதும் ஒழுங்காகவே இருக்கும். வாக்கியங்களில் உள்ள ஓட்டைகளை உண்மைத் தரவுதான் காட்டும். விதிகளை மீறும் வரிகளையும் வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்து, தரவுத்தளம் மறுக்கிறதா என்று சோதியுங்கள்.

அப்படிச் சோதிக்கும்போது விரைவில் ஒரு சிக்கல் எதிர்ப்படும்: பாதியில் ஒருவர் தம் பங்கை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது. ஏழாம் பங்கைச் செல்வி ஆகஸ்டில் முருகனுக்குக் கொடுத்துவிடுகிறார். பங்கு அட்டவணையில் 12ஐ அழித்து முருகனின் எண்ணான 15 என்று எழுதினால், ஜூலை வரை பணம் கட்டியதும் முருகன்தான் என்று ஆகிவிடும். நம் வாக்கியத்தில் காலம் இல்லை என்பதே குறை. ‘குழு ___ இல் பங்கு ___ , ___ தேதி முதல் உறுப்பினர் ___ உடையது’ என்று அதைத் திருத்தினால் செல்விக்கு ஒரு வரி, முருகனுக்கு ஒரு வரி. குழு, பங்கு, தொடக்கத் தேதி மூன்றும் சேர்ந்தது இதன் திறவுகோல். ஆனால் ஏலமும் ரசீதும் சுட்டிக்கொண்டிருப்பது குழுவையும் பங்கையும் மட்டும்தான், அவற்றுக்குத் தேதி தெரியாது. எனவே உடைக்கக் கூடாது என்று சொன்ன அந்த வாக்கியம் இப்போது இரண்டாகிறது: ‘குழு 1இல் பங்கு 7 உண்டு’ என்பது ஓர் அட்டவணை, அது எந்தத் தேதி முதல் யாருடையது என்பது இன்னொன்று. பங்கு எண் இரண்டிலும் இருப்பதால் இம்முறை எதுவும் தொலைவதில்லை. ஏலமும் ரசீதும் முதல் அட்டவணையைச் சுட்டியபடி மாற்றமின்றி இருக்கும். முடிவுத் தேதிக்கும் ஒரு நெடுவரிசை வைக்கத் தோன்றும். ஒருவர் கைவிடும் நாளில்தான் அடுத்தவர் பெறுகிறார் என்பது உங்கள் குழுவின் விதியானால், முருகனின் தொடக்கத் தேதியே செல்வியின் முடிவுத் தேதி. அதை மறுபடி எழுத வேண்டாம். இடையில் பங்கு யாரிடமும் இல்லாமல் சில நாள் இருக்கலாம் என்பது விதியானால் மட்டும் முடிவுத் தேதியைச் சேருங்கள்.